நானூற்றேழுக்கு முன்தகுதி

எங்கள் கணிதத் துறையில் இளங்கலைக்கு முப்பத்தெட்டுப் பாடங்கள், முதுகலைக்கு இருபத்தொன்று. இவற்றையெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை கையேடாகத் தட்டச்சு செய்து அச்சுக்கு அனுப்புவது என் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன். கணக்கு எனக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. ஆனால் எந்தப் பாடத்தில் சேர வேண்டுமானாலும் அதற்கு முன் எதை முடித்திருக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். கையேட்டில் அதற்கு 'முன்தகுதி' என்று ஒரு வரி உண்டு. துறையில் நடந்த சண்டைகளில் பாதி அந்த ஒரு வரியில்தான் ஆரம்பித்திருக்கின்றன.

நானூற்றேழு என்பது உயர் பகுப்பாய்வு. அதை நடத்துகிற பேராசிரியைக்கு அலுவலகத்தில் நாங்கள் வைத்த பெயர் 'ஆனா மேடம்'. வெளியே மழை பெய்கிறது என்றால்கூட "ஆனா எல்லா இடத்துலயும் பெய்யல" என்பார். யார் எதைச் சொன்னாலும் அது பொய்த்துப்போகும் ஒரு இடத்தைக் கண்டுபிடிக்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நானூற்றுப் பன்னிரண்டு என்பது இடவியல். அதை நடத்துகிறவர் 'அற்பம் சார்'. எந்தக் கேள்வியைக் கேட்டாலும் "இது அற்பம்" என்பதுதான் பதில். ஒருமுறை லிஃப்ட் பாதியில் நின்று இரண்டு மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்து வெளியே எடுத்தபோதும் அதையேதான் சொன்னார்.

ஐந்து வருடத்துக்கு முன்பு, துறைக் கூட்டத்தில் ஆனா மேடம் ஒரு புகார் கொண்டுவந்தார்.

"என் வகுப்புக்கு வர்றவங்களுக்கு அடிப்படையே தெரியல. இடவியல் முடிச்சிட்டுத்தான் எங்கிட்ட வரணும்."

அற்பம் சாரும் சும்மா இருக்கவில்லை. "எங்கிட்ட வர்றவங்களுக்கு மட்டும் தெரியுதா? பகுப்பாய்வு முடிச்சிட்டு வரட்டும்."

எங்கள் துறைத் தலைவர் யார் மனமும் நோகப் பொறுக்காதவர். இரண்டு கோரிக்கையிலும் நியாயம் இருக்கிறது என்று இரண்டையும் ஒரே கூட்டத்தில் நிறைவேற்றிவிட்டார். நானூற்றேழில் சேர நானூற்றுப் பன்னிரண்டை முடித்திருக்க வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டில் சேர நானூற்றேழை முடித்திருக்க வேண்டும். தட்டச்சு செய்யும்போதே எனக்கு இடித்தது. எழுந்துபோய்க் கேட்டேன்.

"சார், பசங்க முதல்ல எதுல சேருவாங்க?"

"அது அவங்க விருப்பம்மா. நாம அதுல தலையிடக் கூடாது," என்றார்.

அந்த வருடம் இரண்டு பாடத்திலும் யாரும் சேரவில்லை. சேர முடியாதே. மாணவர்கள் யாரும் மூச்சு விடவில்லை, ஏனென்றால் அதற்குள் இரண்டும் விருப்பப் பாடங்களாகிவிட்டன, புள்ளியியலை எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டார்கள். ஆனால் கால அட்டவணையில் வகுப்பு இருந்தது. அட்டவணையில் இருந்தால் எங்கள் ஆட்கள் போய்விடுவார்கள். இரண்டாம் மாடியில் நூற்றிருபது பேர் உட்காரும் கூடத்தில், செவ்வாயும் வியாழனும் பத்து மணிக்கு ஆனா மேடம் மேல்பலகை, கீழ்ப்பலகை இரண்டும் நிறைய எழுதி நடத்தினார். மதியம் அதே கூடத்தில் அற்பம் சார். இருவருமே இப்படி ஒரு நல்ல வகுப்பு வாய்த்ததில்லை என்று பூரித்துப்போய்ச் சொன்னார்கள். சந்தேகம் கேட்டு நேரத்தை வீணாக்க ஆளில்லை. வருகைப் பதிவேட்டில் 'வராதவர்கள்: எவருமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதில் பொய்யும் இல்லை.

வருடக் கடைசியில் தேர்ச்சி விகிதம் கேட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. சேர்ந்தவர்கள் பூஜ்யம், தேறியவர்கள் பூஜ்யம், தோற்றவர்கள் பூஜ்யம் என்று நிரப்பி அனுப்பினேன். அங்கே இருக்கும் கணினி என்ன நினைத்ததோ, இரண்டுக்கும் நூறு சதவீதம் போட்டுவிட்டது. சிறந்த தேர்ச்சிக்கான கேடயம் எங்கள் துறைக்கு வந்தது. நான் பொறுக்க மாட்டாமல் ஆனா மேடத்திடமே போய்க் கேட்டேன்.

"யாருமே இல்லாம எப்படி மேடம் நூறு சதவீதம்?"

"என் வகுப்புல பெயிலான ஒருத்தரைக் காட்டுங்க பார்ப்போம்," என்றார்.

தலையில் அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அடுத்தடுத்த இரண்டு வருடமும் கேடயம் எங்களுக்கே. அந்த மூன்று வருடமும் இது எனக்கு வெறும் வேடிக்கைதான். டீ குடிக்கும்போது பக்கத்துத் துறைக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்க ஒரு கதை, அவ்வளவுதான்.

நாலாவது வருடம் என் அக்கா வந்தாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் இதே துறையில் இளங்கலை படித்தவள்தான். ஒரே ஒரு பாடம் பாக்கியிருந்தபோது அப்பா போய்விட்டார். வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவள் அவள் மட்டும்தான் என்பதால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவள் ஸ்டியரிங் பக்கத்தில் உட்கார்ந்ததால்தான் நான் படித்து முடித்து இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதனாலேயே எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். இருபத்தைந்து வருடமாக அவள் இடது பக்க இருக்கையில் இன்னொரு பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு பிறத்தியார் ஓட்டும் வண்டியில் போய்க்கொண்டிருக்கிறாள். வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட யாராவது வேகமாக ஓடிவந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

அன்று காலை அவள் ஒரு கடிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எங்கள் பல்கலைக்கழகத்தின் கடிதம்தான். பாதியில் விட்ட படிப்பு இருபத்தைந்து வருடம்தான் செல்லுமாம். இந்தக் கல்வியாண்டோடு அவளுடைய பதிவு காலாவதியாகிறது. அதற்குள் முடித்தால் பட்டம், இல்லாவிட்டால் எழுதிய அத்தனை பரீட்சையும் வீண்.

"முடிச்சிடலாம்னு இருக்கேன். ஒரே ஒரு பேப்பர்தானே," என்றாள்.

"எந்தப் பேப்பர்க்கா?"

"நானூற்றேழு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்போது அது விருப்பப் பாடமாக இருக்கலாம், அவள் சேர்ந்த வருடத்துக் கையேட்டில் அது கட்டாயம். ஆனால் வகுப்பில் சேர்வதற்கு இந்த வருடத்துக் கையேடுதான் கணக்கு. நான் என் கையாலேயே தட்டச்சு செய்த கையேடு.

துறைத் தலைவரிடம் போனேன். அவர் கூட்டத்தைக் கூட்டினார். அக்காவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முக்கால் மணி நேரம் பேசி, இந்த இரண்டு பாடத்திலும் சேரத் தகுதியுள்ள புது மாணவர் ஒருவரும் உலகத்தில் இருக்க முடியாது என்று ஐயம் திரிபற நிரூபித்தார்கள். நிரூபணம் அழகாக வந்துவிட்டது என்று ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். என் அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியை யாரும் பார்க்கவில்லை.

"விதிவிலக்குப் படிவம்னு ஒன்னு இருக்கே சார்," என்றேன். அந்தப் படிவமும் என் கைவேலைதான். ஒரு பாடத்தை நடத்தும் ஆசிரியர், 'இவர் இப்பாடத்தை முடித்ததாகக் கருதலாம்' என்று கையெழுத்துப் போட்டால் போதும்.

அற்பம் சார் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "போட்டுடலாம், அற்பம். இடவியல் முடிச்சதாக் கருதலாம். ஆனா அதுக்கு அவங்க பகுப்பாய்வு முடிச்சிருக்கணுமே. மேடம் முதல்ல போடட்டும்."

"நான் எப்படி முதல்ல போடறது? அவர் போட்டா அடுத்த நிமிஷம் நான் போடறேன்," என்றார் ஆனா மேடம்.

ஒன்பது நாள். முதல் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் அந்த இரண்டு தாளைத் தூக்கிக்கொண்டு நான் நடந்த நடைக்குக் கணக்கே இல்லை. இவர் அவரைக் கை காட்டினார், அவர் இவரைக் கை காட்டினார். அரைத்த மாவையே அரைத்தார்கள். வெள்ளிக்கிழமை பதிவுக்குக் கடைசி நாள். வியாழக்கிழமை சாயந்திரம் அக்காவிடம் சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "ரெண்டு பேரும் சிக்னல் இல்லாத நாலு ரோட்டுல நிக்கிறாங்க. ரெண்டு பேருமே மரியாதைக்காரங்க. நாளைக்கு நான் வர்றேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை, தலைக்கு மேல் 'பயிற்சி வாகனம்' என்று பலகை வைத்த வண்டியைத் துறை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்தாள். தலைவர் அறையில் இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போடச் சொன்னாள். இரண்டு பேரையும் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு அட்டை, ஒரு படிவம், ஒரு பேனா கொடுத்தாள். இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு முதல் நாள் வண்டி எடுக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள். குரலில் அந்தப் பழக்கம் இருந்தது.

"மூனு எண்ணுவேன். ரெண்டு பேரும் போட்டுடணும்."

மூன்று எண்ணினாள். இரண்டு பேருமே அடுத்தவர் பேனா கீறும் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது தடவை அற்பம் சார் கழுத்தைத் திருப்பி எட்டிப் பார்த்தார்.

"சார், முன்னாடி மட்டும் பாருங்க. பக்கத்து வண்டி என்ன பண்ணுதுன்னு பார்த்துக்கிட்டே இருந்தா நம்ம வண்டி நகராது," என்றாள் அக்கா. "மூச்ச விடுங்க. தோளைத் தளர்த்துங்க. பிரேக்லருந்து காலை எடுங்க. ஒன்னு, ரெண்டு."

மூன்று சொல்வதற்கு முன்பே இருவரும் போட்டுவிட்டார்கள். பிறகு எழுந்து ஒருவர் தாளை ஒருவர் பிடுங்கிச் சரிபார்த்தார்கள். "ஆனா நீங்க ஒரு நொடி முன்னாடியே முடிச்சீங்க," என்றார் மேடம். "அது அற்பம்," என்றார் சார்.

நான் தாளை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது துறைத் தலைவர் ஏதோ கண்டுபிடித்தவர் போல் கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம். நானூற்றேழு முடிச்சதாக் கருதலாம்னு மேடமே கையெழுத்துப் போட்டாச்சு. அப்புறம் எதுக்கு வகுப்பு, பரீட்சை? இதையே பட்டத்துக்கு அனுப்பிடலாமே. விதி இடம் குடுக்குது. அடுத்த வாரம் சான்றிதழ் வந்துடும்."

இத்தனை வருடத்தில் அந்த மனிதர் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"வேணாம் சார்," என்றாள் அக்கா. "இருபத்தஞ்சு வருஷமா முடிச்சதாத்தான் கருதிக்கிட்டு இருக்கேன். இப்பவாவது முடிக்கிறேன்."

நடைபாதைக்கு வந்ததும் அவளைப் பிடிபிடி என்று பிடித்தேன். "உனக்கென்ன பைத்தியமா? வீட்டு வாசல் வரைக்கும் வந்தத வேணாம்ங்கிற. பெயிலாயிட்டா அடுத்த வருஷம் கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும்டி."

"அப்புறம் என்ன வீம்பு?"

"ஓட்டாம லைசென்ஸ் வாங்கினவங்கள தினமும் ரோட்டுல பாக்குறேன்," என்றாள். அவ்வளவுதான். ஒற்றைக் காலில் நின்றால் அவளை யாராலும் அசைக்க முடியாது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

செவ்வாய், வியாழன் காலையில் பயிற்சிக்கு ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டு அக்கா வகுப்புக்கு வந்தாள். நூற்றிருபது இருக்கையில் மூன்றாவது வரிசை நடுவில் உட்காருவாள். முதல் இரண்டு வாரம் ஆனா மேடம் அவளைக் கவனிக்கவே இல்லை. காலிக் கூடத்தைப் பார்த்துப் பேசிப் பழகிய கண், ஆளிருப்பதைப் பதிவு செய்யவில்லை. மூன்றாவது வாரம் அக்கா கையைத் தூக்கினாள். மேடம் திகைத்துப்போய், "என்ன, ஜன்னலைச் சாத்தணுமா?" என்று கேட்டாராம்.

சந்தேகம் என்று புரிந்ததும் மேடத்துக்குக் கோபம் வந்தது. பிறகு மெல்ல மெல்லப் பழகினார். ஒரு மாதம் கழித்து, வியாழக்கிழமை வகுப்புக்குக் கிளம்பும்போது என் மேசை முன்னால் நின்று, "உங்க அக்கா வந்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகத் தொடங்கினார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்கா யோசனையாக வீட்டுக்கு வந்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த என் முன்னால் நோட்டை விரித்து வைத்தாள்.

"இந்தத் தேற்றம் தப்பு."

"யார் எழுதினது?"

"மேடம். இன்னிக்கு நடத்தினாங்க. உனக்குப் புரியற மாதிரி சொல்றேன், கேளு. ஒரு ரோடு இருக்கு. மேடும் பள்ளமுமா தினமும் மாறிக்கிட்டே இருக்கு. ஆனா நீ அதுல எந்த இடத்துல நின்னாலும், ஒருநாள் அந்த இடம் சமமாயிடும், அப்புறம் சமமாவே இருக்கும். அப்படின்னா ஒருநாள் மொத்த ரோடும் கிட்டத்தட்ட சமமாயிடும்னு சொல்றாங்க."

"சரியாத்தானே இருக்கு?"

"ஒரு வேகத்தடை இருக்குன்னு வை. தினமும் அகலத்துல மெலிஞ்சுக்கிட்டே, ரோட்டுக் கடைசியில இருக்கற கேட்டை நோக்கி நகருது. உயரம் மட்டும் குறையல. கேட்டைத் தொடறதும் இல்ல. நீ எங்க நின்னாலும் ஒருநாள் உன்னத் தாண்டிப் போயிடும், உன் இடம் சமம். ஆனா தினமும் அந்த ரோட்டுல வண்டி ஓட்டற எனக்கு? எங்கேயோ ஒரு இடத்துல தூக்கிப் போட்டுக்கிட்டேதானே இருக்கும்?"

எனக்கே புரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்தேன். "மேடத்துக்கிட்ட சொன்னியா?"

"கையத் தூக்கினேன். 'போன வருஷமும் இதத்தான் நடத்தினேன், அதுக்கு முந்தின வருஷமும் இதத்தான் நடத்தினேன். ஒருத்தரும் ஆட்சேபிக்கல'ன்னாங்க. மணி அடிச்சிடுச்சு, போயிட்டாங்க."

"விட்டுடு. பரீட்சையில வந்தா அவங்க எழுதினத அப்படியே எழுதிட்டு வா."

அக்கா பதில் சொல்லாமல் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள். எதிலெல்லாம் அவள் இப்படிப் பதில் சொல்லாமல் போவாள் என்று எனக்குத்தான் தெரியும்.

பரீட்சை அன்று எழுதுகிறவர் ஒருவர், மேற்பார்வைக்கு இரண்டு பேர். விதி அப்படி. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாதபடி மூன்று இருக்கை தள்ளி உட்கார வேண்டும் என்பதும் விதி. யாரிடமிருந்து மூன்று இருக்கை என்று இரண்டு மேற்பார்வையாளரும் கொஞ்ச நேரம் விவாதித்து, கடைசியில் அக்காவைச் சுவரோரம் தள்ளி உட்காரவைத்தார்கள். உறவுக்காரி என்பதால் நான் உள்ளே போகக் கூடாது. கதவுக் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன்.

கேள்வித்தாளைத் தட்டச்சு செய்ததே நான்தான் என்றாலும் எனக்கு அது வெறும் குறிகள். ஆறாவது கேள்விக்கு அறுபது மதிப்பெண் என்பது மட்டும் தெரியும். நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. முதல் ஐந்தையும் அக்கா மளமளவென்று எழுதினாள். ஆறாவதுக்கு வந்ததும் பேனாவை மேசையில் வைத்துவிட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. எழுதுடி, மனப்பாடம் பண்ணினதை எழுதித் தொலை என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று முணுமுணுத்தேன். மேசைக்கு அடியில் அவள் வலது கால் தரையை அழுத்தியபடி இருந்தது. நாலைந்து நிமிடம் அப்படியே இருந்தாள். பிறகு காலை எடுத்தாள், பேனாவை எடுத்தாள், அரைப் பக்கம் எழுதி, ஒரு படம் வரைந்து, எழுந்து கொடுத்துவிட்டாள். மேட்டின் படம்தான் என்று அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது.

வண்டியில் வீட்டுக்குக் கிளம்பினோம். பாதி வழியில் தாங்க மாட்டாமல், "அவங்க சொன்னத எழுதியிருந்தா இந்நேரம் பட்டம்க்கா," என்றேன்.

"பிரேக் பிடிக்காத வண்டிக்கு, பிரேக் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுக்க மாட்டேன்டி."

"உனக்குப் பெயிலானா பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு யாரு சொன்னா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. அப்பா போன அன்றைக்கு அப்புறம் அவள் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது எனக்கு.

மூன்று நாள் ஆனா மேடம் துறைக்கே வரவில்லை. துறைத் தலைவர் மட்டும் என் மேசைக்கு மணிக்கொரு தரம் வந்தார். "உங்க அக்கா பாஸாகலன்னா நம்ம தேர்ச்சி நூறுலருந்து நேரா பூஜ்யம்மா. நடுவுல எதுவுமே இல்ல," என்று புலம்பினார். அவர் கவலை அவருக்கு.

நாலாம் நாள் காலையில் மேடம் வந்தார். கையில் விடைத்தாள், மூன்று வருடத்துக் குறிப்பேடுகள். நான் எழுந்து நின்றேன். உட்காரச் சொன்னார். அவரும் எதிரே உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

முதல் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். தேற்றத்துக்கு நடுவில் ஒரு வரி இருந்தது. மேடு எந்த இடத்திலும் ஏறக் கூடாது, இறங்கிக்கொண்டே வர வேண்டும் என்று ஒரு நிபந்தனை. இரண்டாவது குறிப்பேட்டில் அந்த வரிக்குப் பதிலாக ஒரு சின்னக் கோடு. "இத வாயால சொல்லிக்கலாம்னு விட்டேன்," என்றார். மூன்றாவதில் கோடும் இல்லை.

"சொல்லவும் இல்ல. யாரும் கேக்கலையா, வேகமாப் போயிட்டேன்."

"உங்க அக்கா பாஸ்," என்று விடைத்தாளைத் தள்ளினார். ஆறாவது கேள்விக்கு அறுபதுக்கு அறுபது. மொத்தம் தொண்ணூற்றொன்று. எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் எதிரே இருந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. ஊரில் யார் எதைச் சொன்னாலும் அதில் ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவர், தன்னுடையதில் கண்டுபிடிக்கவில்லை.

அவரைத் தேற்ற வேண்டும் போலிருந்தது. "விடுங்க மேடம். மூனு வருஷமா யாருக்கும் தப்பாச் சொல்லித் தரலையே. வகுப்புல யாருமே இல்லையே," என்றேன்.

"அதத்தாம்மா நானும் சொல்றேன்," என்றார்.

அவர் 'ஆனா' சொல்லாமல் ஒத்துக்கொண்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. போகும்போது, முன்தகுதி வரியைக் கையேட்டிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போனார். அற்பம் சாரிடம் கேட்டதற்கு அவரும் அவருடையதை எடுக்கச் சொல்லிவிட்டார்.

அடுத்த வருடம் நானூற்றேழில் நாற்பத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். நாலு வருடமாக நூறு சதவீதத் தேர்ச்சி என்றால் யார்தான் சேர மாட்டார்கள்? துறைத் தலைவருக்கு ஒரே பூரிப்பு. முதல் வகுப்பு முடிந்து ஆனா மேடம் நேரே என்னிடம் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"என்ன மேடம், கூட்டம் அதிகமா?"

"இன்னிக்குச் சோதனைக்காக ஒரு தப்பு எழுதினேன். வேணும்னே. ரெண்டும் ரெண்டும் அஞ்சுங்கற மாதிரி பெரிய தப்பு. நாற்பத்து மூனு பேரும் எழுதிக்கிட்டாங்கம்மா." குறிப்பேட்டை என் மேசையில் வைத்தார். "உங்க அக்கா வருவாங்களா?"

அக்காவிடம் சொன்னேன். பட்டம் வாங்கியாயிற்று, இனி அவளுக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்தேன். அவள் நாட்குறிப்பைப் புரட்டினாள். "செவ்வாய் ஆள் இருக்கு. மாத்திக்கறேன். வர்றேன்னு சொல்லு," என்றாள்.

மாணவி அல்லாதவர் வகுப்பில் உட்கார விதியில் இடமில்லை. கூட்டம் கூடினார்கள். இரண்டு மணி நேரம் பேசி, புதிதாக ஒரு பொறுப்பை உண்டாக்கினார்கள். இந்த வருடத்துக் கையேட்டை யாராவது திறந்து பார்த்தால் தெரியும். நானூற்றேழுக்குக் கீழே ஆசிரியர் பெயர் இருக்கும், கூடத்தின் எண் இருக்கும், அதற்கடுத்த வரியில் 'கை தூக்குபவர்' என்று என் அக்காவின் பெயர் இருக்கும். பெயருக்குப் பின்னால் 'இளங்கலைக் கணிதம்' என்று பட்டத்தையும் சேர்த்துத் தட்டச்சு செய்திருந்தேன்.

கையெழுத்துப் போட வந்த துறைத் தலைவர் அந்த இடத்தில் பேனாவை நிறுத்தினார். "பேராசிரியர்களுக்கே நாம பட்டம் போடறதில்லையேம்மா. இது எதுக்கு?"

"அது இருபத்தஞ்சு வருஷம் சார். இருக்கட்டும்," என்று சொல்லி, அச்சுக்கு அனுப்பினேன்.